ஏகமனதுக்கு ஒருவர் குறைவு

கொட்டாஞ்சேனை நங்கூரம் உதைபந்தாட்டக் கழகத்தில் வாக்களிப்பது எப்படி என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அது விளங்கினால் சவுந்தரநாயகத்தின் முழங்கால் உடைந்த காரணமும் விளங்கிவிடும்.

மற்றச் சங்கங்களில் கை உயர்த்துவார்கள். நங்கூரத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பங்கு மண்டபத்தில் கதிரைகளை நெருக்கமாகப் போடுவார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்து பழகிய கை வேகமாக மேலே போகும்போது, போகும் வழியில் அடுத்தவருடைய மூக்கு இருக்கும். மூக்கு உடைந்தவர் எவரும் அதைத் தற்செயல் என்று நம்பியதில்லை. பொருளாளர் தெரிவு ஒன்றில் மூன்று மூக்கும் ஒரு தாடையும் போன பிறகு யாப்பைத் திருத்தினார்கள். புதிய விதி இதுதான்: உறுப்பினர்கள் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்திருக்க வேண்டும். தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எழாமல் கதிரையில் இருப்பவர்கள் எதிர்ப்பு. அதன்பின் மூக்குகள் தப்பின. கணுக்கால்களைப் பற்றி யாப்பு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்ததாகத் தெரியவேண்டியது, விலக்குப் பிடிப்பது. மத்தியஸ்தரை அடித்தால் லீக் நிர்வாகம் கழகத்துக்குத் தண்டம் போடும். எத்தனை பேர் அடித்தார்களோ அத்தனை மடங்கு. ஆகவே தோற்கும் நாள்களில் ஒருவரை மட்டும் அடிக்க விட்டு மற்றவர்களைப் பிடித்து வைப்பது கழகத்தின் நிதிக்கொள்கை. அந்தப் பிடிக்கும் வேலையைச் செய்தவர் சவுந்தரநாயகம். புறக்கோட்டையில் சுங்க அனுமதி எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் அவர் கிளாக்கர். மெலிந்த உடம்பு. ஆனால் பிடிக்கும் முறை தெரியும். கோபக்காரனை முன்னாலிருந்து பிடிக்கக் கூடாது, அடி நமக்கு விழும். பின்னாலிருந்து இரண்டு முழங்கைகளையும் சேர்த்து இறுக்க வேண்டும். இதில் உள்ள ஒரே குறை, பிடிபட்டவன் தலையைப் பின்னால் வீசுவான். அவனுடைய பிடரி சரியாக நமது பல்லின் உயரத்துக்கு வரும். சவுந்தரநாயகத்தின் முன்பற்கள் நான்கும் அப்படித்தான் போயின. தன் வாழ்நாளில் அவர் ஒருவரையும் அடித்ததில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சண்டை முடிந்து ஆட்டம் தொடர வேண்டும், அதைக் கடைசி விசில் வரை பார்க்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் மைதானத்துக்கு வந்துவிடுவார். மைதானம் இல்லாத ஞாயிறை அவர் யோசித்ததே இல்லை.

கழகத்தின் வரவு, வாசல் ரிக்கற்றும் திருநாளில் நடக்கும் சீட்டிழுப்பும். செலவு, பந்தும் தண்டமும் பிளாஸ்ரரும். வரவு எப்போதும் கொஞ்சம் குறையும், தொப்பி ஒன்றைச் சுற்றி அனுப்புவார்கள், சரியாகிவிடும். பெரிய ஆசை எதுவும் அந்தக் கழகத்துக்கு இருக்கவில்லை. ஆகவே கடனும் இருக்கவில்லை.

ஆசையைக் கொண்டுவந்தவர் வரதராசா. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மாடி வீடுகள் கட்டி விற்பவர். ஒரு ஞாயிறு நங்கூரத்தின் ஆட்டத்துக்கு வந்து, காரின் கண்ணாடியைப் பாதி இறக்கி, மைதானத்தின் நீளம் அகலம் என்ன என்று விசாரித்தார். எத்தனைக்கு எத்தனை என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் மேடையில் இருந்தார். பக்கத்தில் அவருடைய மருமகன் ராகுலன். மெல்பேர்னில் விளையாட்டு முகாமைத்துவம் படித்தவன். கழகத்தை வாங்குவதற்கு முன்பே அவனைக் கழகத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரி என்று அறிமுகப்படுத்தினார்கள்.

அந்த மாதம்தான் கழகத்தின் பழைய பயிற்றுநர் அந்தோனிப்பிள்ளை மாஸ்ரர் காலமானார். அவருடைய மகன் றொஹான் முதல் வரிசையில் கையில் கறுத்த பட்டி கட்டிக்கொண்டு இருந்தான். கப்பலில் கொள்கலன்களைச் சங்கிலியால் பிணைக்கும் வேலை அவனுக்கு. அவன் இருந்தால் இரண்டு கதிரை வேண்டும்.

ராகுலன் ஒலிவாங்கியைப் பிடித்து, கழகத்தின் பெயரும் நிர்வாகமும் வருமானமும் வரதராசாவின் கம்பனிக்குப் போவதாக ஒரு தீர்மானத்தை மழைக்கால வானொலி போல மளமளவென்று வாசித்தான். மூச்சு விடாமல், அமரர் அந்தோனிப்பிள்ளை மாஸ்ரரை நினைந்து ஒரு நிமிடம் எழுந்து நிற்போம் என்றான்.

இறந்தவரின் பெயரைச் சொன்னபின் கதிரையில் இருக்கும் மனிதன் கொட்டாஞ்சேனையில் இன்னும் பிறக்கவில்லை. மண்டபம் முழுவதும் எழுந்தது. அந்த நிமிடத்தில் ராகுலன் வரிசை வரிசையாக நடந்து, கையிலிருந்த சிறிய கருவி ஒன்றை விரலால் அழுத்திக்கொண்டு போனான். கிளிக், கிளிக் என்று கேட்டது. வெளிநாட்டுச் செபமாலை என்று சிலர் நினைத்து மனம் உருகினார்கள். நிமிடம் முடிந்ததும் அவன் மேடைக்குத் திரும்பி, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று நன்றி சொன்னான்.

றொஹானுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"என்ட அப்பாவுக்கு எழும்பினதையா வோட்டா எண்ணினீங்க?"

"அண்ணை, எழும்பினால் ஆதரவு எண்டுதான் யாப்பில இருக்கு. ஏன் எழும்பினது எண்டு கேக்கச் சொல்லி இல்லை. நாங்கள் ஆக்களின்ர நெஞ்சுக்குள்ள போகேலாது. காலைத்தான் எண்ணலாம்."

றொஹான் மேடையில் ஏறினான். சவுந்தரநாயகம் பழக்கப்படி பின்னாலிருந்து முழங்கைகளை இறுக்கினார். ஐந்தாவது பல் போனது. கழகம் விலைபோன அன்று புதிய முதலாளியின் மருமகனுடைய முகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர்தான் என்பதைப் பின்னால் பலர் அவருக்கு நினைவூட்டினார்கள்.

வரதராசா பேசும்போது ஐந்து வருடத்தில் ஆசியா என்றார். கைதட்டினார்கள். முதல் நடவடிக்கையாக முன்னணி வீரனை விற்றார்கள். கோல் அடிக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். ஆகவே விற்கக்கூடியவனும் அவன் ஒருவன்தான் என்று ராகுலன் விளக்கினான். அடுத்ததாக ஒளிப்பதிவுக் கருவிகள் வந்தன. ஆட்டங்களை இணையத்தில் ஏற்றினார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் மத்தியஸ்தர் ஒரு பெனால்ற்றியை மறுத்தார். றொஹான் அவரைக் கோல் கம்பத்தோடு சேர்த்துக் கொடிக்கயிற்றால் கட்டினான், கொள்கலனைக் கட்டுவது போல. சவுந்தரநாயகம் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் ஒரு அடி விழுந்து, வலது காதிலிருந்து இரத்தம் வந்தது. அதை டோஹாவிலிருந்து மணிலா வரை பார்த்தார்கள்.

அடுத்த திங்கள் சவுந்தரநாயகத்தை வெள்ளவத்தையில் வரதராசாவின் கம்பனிக் கந்தோருக்கு அழைத்தார்கள். ஏசி குளிரில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். விலக்குப் பிடித்ததற்கு நன்றி சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து, மனைவி பிறிஜெற் அவருக்குச் சேர்ட் அயன் பண்ணிக் கொடுத்திருந்தாள்.

"அங்கிள், நீங்கள் ஓடி வந்து பிடிச்சதால எங்களுக்கு எவ்வளவு நட்டம் தெரியுமோ?" என்றான் ராகுலன். "அந்த ரெஃபரியிட்ட இன்னொரு காதும் இருந்தது. கோல் அடிச்ச வீடியோவை எங்கட சொந்தக்காரர்தான் பாக்கினம். அடிச்ச வீடியோவை முழு ஆசியாவும் பாத்தது. ஆசியாவுக்குப் போறம் எண்டு மாமா சொன்னது பொய்யில்லை."

இனிமேல் சண்டையில் கைவைத்தால் உறுப்புரிமை நிறுத்தப்படும் என்று எச்சரித்து, ஒரு கோப்பை ரீ குடிக்கக் கொடுத்து அனுப்பினான்.

அதன்பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. முன்வரிசை ரிக்கற்றின் விலையைக் கூட்டினார்கள், அங்கே இரத்தம் தெறிக்கும். காயத்துக்குக் கட்டும் துணி செய்யும் ஒரு கம்பனி தன் பெயரை வீரர்களின் முதுகில் போட்டது. கோல்காப்பாளனுக்குக் குத்துச்சண்டை ஆசிரியர் ஒருவரை வைத்தார்கள். வெளியூர் ஆதரவாளர்களை வரவேற்க வாசலில் கல் குவித்து வைத்தார்கள், கல்லுக்கும் ஒரு விலை இருந்தது. ஒரு முறை கோடு காப்பாளர் ஒருவரை அடித்து முடித்த பிறகு, வெளிச்சம் காணாது என்று படம் எடுப்பவர்கள் சொன்னதால், அவரை எழுப்பி, முகம் கழுவி, மேற்குப் பக்கமாகக் கொண்டுபோய் இன்னொரு முறை அடித்தார்கள். சவுந்தரநாயகம் கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

வருமானம் பெருகியது. கடனும் பெருகியது. இது எப்படி என்று பலர் தலையைச் சொறிந்தார்கள். உண்மையில் மிக எளிது. கழகத்தை நிர்வகிப்பதற்குக் கழகம் வரதராசாவுக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். கொடுக்கப் பணம் போதாத மாதங்களில் வரதராசாவிடமே கடன் வாங்கி வரதராசாவுக்குக் கொடுத்தது. கடனுக்கு வட்டி உண்டு, அதையும் அவரிடம் வாங்கி அவருக்குக் கட்டியது. காற்சட்டையின் வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போடுவது போன்ற வேலை. காற்சட்டை அவருடையது. கிழிந்தால் தைக்கிற நூல் மட்டும் கழகத்தினுடையது. வருட முடிவில் கடன் மைதானத்தின் விலையைத் தொட்டது. ஆகவே வரதராசாவின் கடனைத் தீர்க்க மைதானத்தை வரதராசாவுக்கு விற்பது என்று நிர்வாகம் முடிவெடுத்தது.

இங்கே ஒரு தடை இருந்தது. அந்த நிலத்தைக் கழகத்துக்கு எழுதிக் கொடுத்த பழைய கப்பல் சாமான் வியாபாரி மனிதர்களை அறிந்தவர். உறுப்பினர்களில் ஒருவர் எதிர்த்தாலும் நிலத்தை விற்க முடியாது என்று நில உறுதிப்பத்திரத்தில் எழுதி வைத்திருந்தார். பெரும்பான்மை போதாது. ஒருவர் விடாமல் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்.

விசேட பொதுக்கூட்டம் அறிவித்தார்கள். அதற்கு முன் திட்டத்தை விளக்க வரதராசாவே மைதானத்துக்கு வந்தார். மைதானத்தில் இருபது மாடி வரும். கீழ் மாடிகள் கார் நிறுத்துமிடம். ஐந்தாம் மாடியின் திறந்த தளத்தில் செயற்கைப் புல் விரித்துப் புதிய மைதானம். தான் பந்து பார்க்கும் ஆள் இல்லை, நிலம் பார்க்கும் ஆள் என்று அவர் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். சவுந்தரநாயகம் கை உயர்த்தி, ஐந்தாம் மாடியிலிருந்து பந்து றோட்டில் விழுந்து யாராவது செத்தால் என்ன செய்வது என்று பணிவாகக் கேட்டார்.

வரதராசா யோசித்தார். "அதுக்கென்ன? ஒரு நிமிசம் மௌனம் இருக்குத்தானே."

சவுந்தரநாயகம் அன்று மாலையே புறப்பட்டார். கொட்டாஞ்சேனையில் தொடங்கி முகத்துவாரம் வரை உறுப்பினர் வீடு ஒவ்வொன்றாகப் போனார். ஒருவர் எழாமல் இருந்தால் போதும், மைதானம் தப்பும் என்று விளக்கினார். எல்லோரும் அவருடைய தோளைத் தட்டினார்கள். நீங்க பயப்படாதீங்க, நான் இருப்பேன் என்றார்கள். றொஹானும் சத்தியம் செய்தான். பிறிஜெற் மட்டும், இத்தனை பேர் இருப்பேன் என்று சொன்னால் ஒருவனும் இருக்கமாட்டான் என்றாள். அவர் அதைப் பெண்களின் அவநம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

கூட்ட நாள் மண்டபம் நிறைந்திருந்தது. எல்லோரும் கைகளை முழங்கால்மேல் வைத்து, பல் பிடுங்கப் போனவர்கள் போல இருந்தார்கள். ராகுலன் தீர்மானத்தை மளமளவென்று வாசித்தான். பிறகு தலையைத் தாழ்த்தி, அமரர் அந்தோனிப்பிள்ளை மாஸ்ரரின் முதலாம் ஆண்டு நினைவாக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம் என்றான்.

றொஹான் எழுந்தான். வேறு ஒருவரும் எழவில்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். அப்பாவிடம் பந்து பழகியவர்கள், அப்பாவிடம் அடி வாங்கியவர்கள், அப்பாவின் பெட்டியைத் தூக்கியவர்கள், எல்லோரும் அவருடைய பெயருக்கு இருந்துகொண்டிருந்தார்கள். தீர்மானத்துக்கு இருப்பதாகத்தான் அவன் சத்தியம் செய்திருந்தான். அப்பாவுக்கு இருப்பதைப் பற்றி ஒருவரும் அவனுடன் கதைக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் பாலசுந்தரம், சீட்டிழுப்பு நடத்துபவர். எழும்பச் சொல்லி றொஹான் ஒரு முறை கேட்டான். பாலசுந்தரம் கண்களை மூடிக்கொண்டார். றொஹான் அவரைக் கதிரையோடு சேர்த்துத் தூக்கி இரண்டாம் வரிசைமேல் போட்டான்.

வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை உடையும் விதம் கவனிக்கத்தக்கது. முதலில் பின்கால் பிளக்கும். பிளந்த இடம் சிரட்டைத் துண்டு போலக் கூராக இருக்கும். ஆகவே ஒரு கதிரை உடைந்தால் இருக்க இடம் இழந்தவன் ஒருவனும் கையில் ஆயுதம் உள்ளவன் ஒருவனும் கிடைப்பார்கள், பெரும்பாலும் இருவரும் ஒரே ஆள். சில விநாடியில் மண்டபத்தில் அப்படிப் பலர் இருந்தார்கள். ஒருவனுடைய கன்னம் கடைவாய் வரை திறந்தது. பாலசுந்தரத்தின் விலா எலும்பு முறிந்த சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது. பழைய கோல்காப்பாளர் ஒருவர் யாரோ ஒருவருடைய காதைக் கடித்துத் துப்பிவிட்டு, அது தன் மைத்துனன் என்று கண்டு மன்னிப்புக் கேட்டு, மற்றக் காதைக் கடித்தார். சுவரிலிருந்த வெற்றிக்கேடயங்களைக் கழற்றி எறிந்தார்கள். கழகம் அதிகம் வென்றதில்லை என்பதால் அது சீக்கிரம் முடிந்தது.

அடிக்கவும் எழவேண்டும், ஓடவும் எழவேண்டும். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் இருந்தால் போதும் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. அந்த ஒருவர் வேறொருவர் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நடுவில் ராகுலன், அடிபடாமல் தலைக்கு மேல் ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு, கிளிக், கிளிக் என்று எண்ணிக்கொண்டு போனான். வரதராசா மேடையில் பப்பாசிப்பழச்சாறு குடித்தார்.

சவுந்தரநாயகத்தின் நிலைமைதான் கடினம். சண்டை கண்டால் எழுந்து ஓடுவது அவருடைய உடம்பின் இருபது வருடப் பழக்கம். கால்கள் தாமாகக் கிளம்பின. ராகுலன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கதிரையின் கைகளைப் பிடித்து அதைத் தன் பின்புறத்தோடு இறுக்கிக்கொண்டு, குந்தியபடியே, நண்டு போலச் சண்டைக்குள் நகர்ந்தார்.

"இருந்துகொண்டு அடிங்கப்பா," என்று கெஞ்சினார். "தயவுசெய்து இருந்துகொண்டு அடிங்க."

இரண்டு பேர் மட்டும் கேட்டார்கள். கதிரைகளை எதிரெதிரே இழுத்துப் போட்டு, முழங்கால் முட்ட அமர்ந்து, மாறி மாறி முகத்தில் குத்திக்கொண்டார்கள். அன்றைய கூட்டத்தில் யாப்பின்படி நடந்த ஒரே பகுதி அதுதான்.

அப்போது கதவு திறந்தது. யாரோ பொலிசுக்கு அறிவித்திருந்தார்கள். தடி பிடித்த கொன்ஸ்ரபிள்களுடன் ஒரு சார்ஜன் உள்ளே வந்து, ஒரே ஒரு சொல் சொன்னார்.

"நெகிட்டபல்லா."

எழும்புங்கடா என்று சிங்களத்தில் சொன்னால் அது கொழும்புத் தமிழனின் காதிலிருந்து மூளைக்குப் போவதில்லை. காதிலிருந்து நேரே காலுக்குப் போகும். அந்தப் பாதையைச் சோதனைச்சாவடிகளிலும் பஸ்களிலும் லொட்ஜ் அறைகளிலும் பல வருடம் செலவழித்துப் போட்டிருக்கிறார்கள், அது பழுதாவதில்லை. நிலத்தில் கிடந்தவர்கள் எழுந்தார்கள். காது போனவன் எழுந்தான். பாலசுந்தரம் விலாவை ஒரு கையால் பிடித்து எழுந்து, மறு கையால் அடையாள அட்டையை நீட்டினார். இருந்து குத்திக்கொண்ட இருவரும் எழுந்தார்கள். மண்டபம் முழுவதும், அந்தோனிப்பிள்ளை மாஸ்ரருக்கு முதல்முறை நின்றது போலவே, அமைதியாக நின்றது.

ஒருவரைத் தவிர. சவுந்தரநாயகத்தின் கால்களும் துடித்தன. அவர் அவற்றைக் கைகளால் அமுக்கிக்கொண்டு இருந்தார். சார்ஜன் அருகில் வந்து, எழும்பாமல் இருப்பது ஏன் என்று கேட்டார்.

"மஹத்தயா, மம விருத்தயி," என்றார் அவர். ஐயா, நான் எதிர்ப்பு.

பொலிசிடம் ஒரு தமிழன் சொல்லக்கூடிய வசனம் அல்ல அது. முதல் அடி தோளில் விழுந்தது, அடுத்தது காதில். ராகுலன் ஓடி வந்து, நல்ல சிங்களத்தில், இந்த ஒருவர் மட்டும் எழுந்துவிட்டால் கூட்டம் முடிந்துவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று உதவியாக விளக்கினான். சார்ஜனுக்கும் வீட்டுக்குப் போக விருப்பம். இரண்டு கொன்ஸ்ரபிள்கள் சவுந்தரநாயகத்தைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார்கள். கதிரை கீழே விழுந்தது. அவர் முழங்கால்களை மடித்து, ஆகாயத்திலேயே இருந்தார்.

 கால் நேராகாவிட்டால் நின்றதாகுமா என்பது யாப்பில் இல்லை. ராகுலன் குந்தி, பாதம் நிலத்தில் படுகிறதா என்று முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். காலை நேராக்க வேண்டும் என்றான். சார்ஜன் தடியால் முழங்காலில் தட்டினார்.

வைத்தியர்கள் சிறிய இறப்பர்ச் சுத்தியல் ஒன்று வைத்திருப்பார்கள். தொங்கும் காலில் முழங்காற்சில்லுக்குக் கொஞ்சம் கீழே தட்டினால், மனிதன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கால் முன்னால் வீசும். நரம்பு முள்ளந்தண்டு வரை போய்த் திரும்பிவிடும், மூளையிடம் அனுமதி கேட்காது. சார்ஜன் தட்டியது சரியாக அந்த இடத்தில். தட்டிய வேகம் சுத்தியலைவிடப் பல மடங்கு. சவுந்தரநாயகத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்து ராகுலனின் வாயைத் திறந்துகொண்டு உள்ளே போனது. முன்பற்கள் மேடை வரை தெறித்தன. எண்ணும் கருவி எங்கோ விழுந்தது. கழகத்தின் வரலாற்றில் அவ்வளவு சுத்தமான உதை விழுந்ததில்லை என்று அங்கிருந்த பழைய வீரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்த அடிகள் மருத்துவ முறைப்படி விழவில்லை. இரண்டு முழங்காற்சில்லுகளும் உடைந்தன. மயங்கும் வரை அவர் காலை நீட்டவில்லை. மயங்கிய பின் அவரைக் கதிரையில் இருத்தித்தான் வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது சட்ட நிலைமையைப் பார்க்கலாம். கூட்டத்தின் முடிவை அறிவிக்க வேண்டியவர் பிரதம நிறைவேற்று அதிகாரி. அவருக்கு வாய் இல்லை. ஆகவே முடிவு அறிவிக்கப்படவில்லை. ஒத்திவைப்பதாகவும் ஒருவரும் சொல்லவில்லை. அறிவிக்காமலும் ஒத்திவைக்காமலும் விட்ட கூட்டம் சட்டப்படி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று வரதராசாவின் சட்டத்தரணி கண்டுபிடித்தார். மற்ற எல்லோரும் எழுந்து நின்றது பதிவாகிவிட்டது. சவுந்தரநாயகம் ஒருவர்தான் மிச்சம். எங்கேயாவது, என்றைக்காவது, ஒரு விநாடி அவர் எழுந்து நின்றதை உறுப்பினர் இருவர் கண்டால், அல்லது படத்தில் பதிவானால், தீர்மானம் நிறைவேறும். மைதானத்தில் அத்திவாரம் வெட்டலாம்.

அதன்பிறகு அவரைப்போல நல்ல சிகிச்சை பெற்ற ஏழை கொட்டாஞ்சேனையில் இல்லை. சத்திரசிகிச்சைச் செலவு வரதராசாவுடையது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஸமீமா என்ற பெண் வெள்ளவத்தையிலிருந்து தினமும் வந்தாள். முதலாளிக்கு உங்கட மேல எவ்வளவு அன்பு என்று ஆச்சரியப்பட்டாள். கால்கள் தேறின. சில மாதத்தில், இனி நிற்கலாம், நடக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். அன்றிலிருந்து சவுந்தரநாயகம் சக்கரக் கதிரையை விட்டு இறங்கவில்லை. மாலையில் ஒரு மரண ஊர்வலம் அவருடைய வாசலால் போகத் தொடங்கியது. வாடகை பாண்ட் வாத்தியம், வாடகை அழுகை, வெறும் பெட்டி. அவர் இருந்தபடியே சிலுவை அடையாளம் போட்டார். பூசையில் நற்செய்தி வாசிக்கும்போதும் எழவில்லை. பின்வரிசையில் இரண்டு உறுப்பினர்கள் சம்பளத்துக்குப் பக்தியாக வந்திருந்தார்கள். குளியலறை வாசலில் பிறிஜெற் கத்தியோடு நின்றாள், எட்டிப் பார்ப்பவனின் கண்ணைத் தோண்டுவதாகச் சொல்லி.

"எத்தனை நாளைக்கு இப்பிடி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கூட்டம் முடியட்டும்," என்றார்.

நங்கூரம் தொடர்ந்து விளையாடியது. அந்தப் பருவத்தில் அதுவரை ஒரு கோலும் அடிக்கவில்லை. அடிக்கக்கூடியவனை விற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடைசி ஞாயிறு கொலன்னாவைக் கழகத்தோடு ஆட்டம். பிறிஜெற் சக்கரக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்து எல்லைக்கோட்டின் அருகே விட்டாள். றொஹான் வந்து அவருடைய தலையைத் தடவிவிட்டுப் போய் நின்றான். கதிரைக்கு முன்னால், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒளிப்பதிவுக் கருவியுடன் ஜனா நின்றான். அவன் வரதராசாவின் கந்தோர் ஆள். ஒவ்வொரு வாரமும் அவனுக்கு அதே இடம். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை கருவியைச் சவுந்தரநாயகத்தின் இடுப்புக்கு நேரே பிடித்திருப்பான்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மைதானத்தின் வலது பக்கம் ஒரு இரைச்சல் கிளம்பியது. முன்னால் இருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். சேர்ட்டுகள், வியர்வை, உயர்ந்த கைகள். ஒருவன் மற்றவனைக் கட்டிப்பிடித்துக் கீழே விழுந்தான். பிறிஜெற்றும் தன்னை மறந்து நுனிக்காலில் நின்று கத்தினாள். சவுந்தரநாயகத்தின் கால்கள் நிலத்தை ஊன்றின. புதிய முழங்காற்சில்லுகள் இரண்டும் இறுகின. பின்புறம் கதிரையிலிருந்து ஒரு விரல் அகலம் கிளம்பியது. ஜனா கருவியைத் தாழ்த்தினான்.

அவர் மீண்டும் இருந்தார்.

கொஞ்ச நேரம் கைகளை முழங்கால்மேல் வைத்தபடி அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் பக்கம் திரும்பியிருந்த ஒரே முகத்திடம் கேட்டார்.

"யார் தம்பி அடிச்சது?"

"எனக்கும் தெரியாது அங்கிள்," என்றான் ஜனா. "நான் உங்களைத்தானே பாத்துக்கொண்டு நிக்கிறன்."